அடுப்படியில் ஒன்றாம் வகுப்பு

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த வைகாசியில் பள்ளிக்கூடம் போக எல்லாம் தயாராக இருந்தது. சிலேட்டு வாங்கியாயிற்று. ஒரு டப்பா நிறையப் பலப்பம் வாங்கியாயிற்று. அவள் அப்பா கம்பெனியில் யாரிடமோ சொல்லி, தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி நீலத்துணியில் பை தைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பையை மாட்டிக்கொண்டே சாப்பிட்டாள், மாட்டிக்கொண்டே தூங்கினாள்.

அப்போது திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. என் கணவருக்குப் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துநான்கோ இருபத்தைந்தோ வயது.

வைகாசி பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பொழுதோட, அந்தி சாயும் நேரத்தில், காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. இருமலும் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிரைமரி காம்ப்ளெக்ஸ், சிறுபிள்ளைகளுக்கு வருகிற ஆரம்பக் காசநோய், என்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"பயப்படற நோயில்லீங்க. ஊசியும் மாத்திரையும் விடாமப் போட்டா சுத்தமாச் சரியாயிரும். ஆனா ஒரு வருசம் கூட்டத்துல விடாதீங்க. ஓடியாட வேண்டாம். பள்ளிக்கூடம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அதுவரை மேசை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அடுத்த வருசம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கிய அழுகை வீடு வரைக்கும் ஓயவில்லை. நோய் என்று சொன்னதற்கு அவள் அழவேயில்லை.

மூன்றாம் நாள், தகவல் சொல்லிவிட்டு வரலாமென்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"வருசத்தை ஏனுங்க வீணாக்கறீங்க? ஊட்டுலயே ஒண்ணாவது படிக்கட்டும். அடுத்த ஜூன்ல கூட்டியாங்க. பெரிய டீச்சர்கிட்ட நான் சொல்றேன். படிச்சுக் காட்டுச்சுன்னா நேரா ரெண்டாவதுல சேத்துக்குவாங்க."

"ஊட்டுல யாருங்க சொல்லிக் குடுக்கறது?"

"ஏன், நீங்கதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த ஊரான கணியூரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். அதற்குமேல் படிக்க வெளியூர் போகவேண்டும். யாரும் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு பால் கணக்குச் சீட்டுக்கு மேல் எதையும் படித்ததாக நினைவில்லை. "எனக்கே பாதி மறந்து போச்சுங்க" என்றேன்.

"மீதிப் பாதி போதுமுங்க ஒண்ணாவதுக்கு" என்றார் டீச்சர். பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து, வகுப்பில் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே நாங்களும் திறந்தோம். காலையில் அவர் கம்பெனிக்குப் போனதும், அடுப்படியில் ஒரு கோணிச்சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தேன். நான் அரிசி களைந்துகொண்டே "அ" சொல்லு என்றேன். அவள் சொல்லவில்லை.

"மொதல்ல பேரு கூப்புடோணுமுங்கம்மா."

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். சரியென்று அவள் பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள். அடுத்தது யார் என்று பார்த்தாள். ஒரு ஆளோடு வகுப்பு நடத்தினால் அது பள்ளிக்கூடம் இல்லையாம். வேறு வழியில்லாமல் சொம்பைக் கூப்பிட்டேன். சொம்புக்காக அவளே குரலை மாற்றி "உள்ளேன் டீச்சர்" என்றாள். முறத்துக்குக் கீச்சுக்குரல். அண்டாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். கரண்டியைக் கூப்பிட்டபோது, "கரண்டி இன்னிக்கு லீவுங்க, கொழம்புக்குள்ள இருக்குது" என்று எழுந்து நின்று சொன்னாள். அந்த வருடம் முழுக்க எங்கள் பாடம் இப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் அவசரத்தில் முறத்தை விட்டுவிட்டேன். முறம் அழுகிறது என்று சொல்லி அன்றைக்குப் பாடமே நடத்தவிடவில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். எழுத்தைக் காட்டினால் சொல்லப்போகிறாள், அவ்வளவுதானே. ஆனால் அவள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதிலே இல்லை. க-வுக்குப் பக்கத்தில் கால் போட்டால் ஏன் கா ஆகிறது? கால் போட்டால் நடக்கத்தானே வேண்டும்? ஔ-வில் ஒ-வுக்குப் பக்கத்தில் ள வந்து சும்மா நிற்கிறதே, அதற்கு என்ன வேலை? தெரியாது கண்ணு என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஐந்து வருடம் படித்தேனே, இதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் கேட்டதில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

கணக்கு எனக்குப் பயம். அதனால் அதை அவரிடம் விட்டேன். அவர் கம்பெனியிலிருந்து, அச்சு சாய்ந்துபோன சைஸ் லேபிள்களை ஒரு கட்டு கொண்டுவந்தார். சாயங்காலம் பாயில் உட்கார்ந்து இருவரும் அவற்றைப் பரப்பி வைத்து விளையாடினார்கள். பத்தே நாளில் பெரிய பெரிய எண்களையெல்லாம் அவள் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எழுபத்தஞ்சுக்கு அடுத்தது என்ன கண்ணு?"

"எம்பதுங்க."

"எழுபத்தாறு எங்க போச்சு?"

"அந்த சைஸ்ல ஆளே இல்லீங்கம்மா."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் மட்டும் மகள் பக்கம் நின்றார். "அவ சொல்றது கரெக்ட்டுதான். எழுபத்தாறு நாங்க போடறதில்ல" என்றார். அதன்பிறகு கணக்கையும் நானே எடுத்துக்கொண்டேன். புளியங்கொட்டையை வைத்து ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

டீச்சரைப் பார்க்கப் போன ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வெளியே காத்திருக்கிறேன் என்றேன். "உள்ள வந்து உக்காருங்க, எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு பாருங்க" என்று கடைசியில் இடம் காட்டினார். ஐம்பது பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், பெரிய பொண்ணு ஒண்ணு வந்து உக்காந்திருக்குது" என்றது. டீச்சர் ஒவ்வொரு எழுத்தையும் காற்றில் கையால் பெரிதாக வரையச் சொன்னார். ஐம்பது கைகளும் மேலே போயின. என் கையும் போயிற்று. முழங்கை வரைக்கும் ஆட்டி ஒரு "ம" போட்டேன். வெளியே வரும்போது ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அவளையும் அப்படியே செய்ய வைத்தேன். அண்டாவுக்கும் முறத்துக்கும் கையில்லாததால் அவற்றின் பங்கையும் அவளே எழுதினாள்.

தீபாவளிக்குள் புத்தகத்தில் பாதியை முடித்துவிட்டோம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கடகடவென்று வாசித்தாள். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னேன். என்னைவிட நல்ல டீச்சர் திருப்பூரிலேயே இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

மார்கழியில் ஒரு காலை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிசகில்லை. எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன். அவள் தூக்கிப் பிடித்திருந்த புத்தகத்தின் அட்டையில் இருந்த பசு கால்களை மேலே வைத்துக்கொண்டிருந்தது. புத்தகம் தலைகீழாக இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தேன். புத்தகத்தை வாங்கி, கடைசியில் நாங்கள் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு சொல்லைக் காட்டினேன். "அந்தப் பக்கம் நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. தனித்தனியாக எழுத்தைக் கேட்டால் சொல்வாள். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்க அவளுக்குத் தெரியவில்லை. நான் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு, அரைப் புத்தகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். ஏமாற்றவேண்டும் என்றில்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்றே நினைத்திருந்தாள். வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அரை வருடம் போய்விட்டதே என்று இருந்தது.

மறுநாளே டீச்சரிடம் ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்தார்.

"போச்சாது உடுங்க, பரவால்ல. எங் கிளாஸ்லயும் பாதிப்பேரு இப்படித்தான் படிக்கறாங்க. நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

"இனி என்னங்க பண்றது?"

"புஸ்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வெச்சிருங்க. வெளிய எழுதியிருக்கறதைக் காட்டுங்க. கடை போர்டு, தீப்பெட்டி, எதுவானாலும் சரி. கட்டாயப்படுத்தாதீங்க. ஒரு நாளைக்குப் புடிச்சுக்கும்."

அப்படியே செய்தேன். தீப்பெட்டியைக் காட்டினேன், சோப்புக் காகிதத்தைக் காட்டினேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள், சொல் வராது. அவளுக்கும் சலிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் டாக்டரிடம் போகும் நாள். நெஞ்சில் வைத்துக் கேட்டார், எடை பார்த்தார். "நல்லாத் தேறிட்டா. இனிக் கொஞ்சம் வெளிய கிளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தோடு பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். கிளம்பத் தயாராக ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பஸ் நெற்றியில் இருந்த பலகையையே அண்ணாந்து பார்த்தாள்.

"ஒத்தக் கொம்பு வ... வெ. ள்... ள... வெள்ள."

நானும் அண்ணாந்து பலகையைப் பார்த்தேன்.

"ரெட்டைக் கொம்பு, க, காலு... க-வை நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் காவலுங்கம்மா... கோ. வி... ல். வெள்ள... கோவில். வெள்ளகோவில்!"

அந்தச் சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் புத்தகத்தில் அது கிடையாது. அவள் மறுபடியும், இந்தமுறை பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "வெள்ளகோவில்!" என்று கத்தினாள்.

படியில் நின்ற கண்டக்டர், தன்னிடம் ஊரைக் கேட்பதாக நினைத்துவிட்டார். "ஆமாஞ் சாமி, வெள்ளகோவில்தான். ஏறுங்க ஏறுங்க, எடுக்கப் போறோம்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "வெள்ளகோவில்னா என்னுங்கம்மா?"

"ஒரு ஊரு கண்ணு."

"நெசமாலுமே இருக்குதுங்களா?"

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. அவளைத் தூக்கிப் படியில் விட்டேன், நானும் ஏறிவிட்டேன். பஸ் காங்கயம் சாலையில் திரும்பிய பிறகுதான், யாரிடமும் சொல்லாமல் வந்தது உறைத்தது. கணவரைக் கேட்காமல் கணியூருக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. ஆனால் ஜன்னலோரம் முட்டிபோட்டுக்கொண்டு, காற்றில் முடி பறக்க அவள் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தபோது இறங்கத் தோன்றவில்லை.

மத்தியானம் வெள்ளகோவிலில் இறங்கினோம். வெயில், நான்கைந்து கடைகள், ஒரு வேப்பமரம். எதிரே தபால் ஆபீஸ் பலகை. அவள் ஓடாமல், ஆனால் ஓட்டம் மாதிரியான ஒரு நடையில் அதன் முன்னால் போய் நின்றாள். "வெள்ளகோவில்" என்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அடுத்தது பஞ்சாயத்து ஆபீஸ். அதற்கடுத்தது ஒரு சைக்கிள் கடை. அங்கிருந்து திரும்பி, கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாருமே ஒரே மாதிரி எழுதியிருக்கறாங்கம்மா!"

அது எப்படிச் சாத்தியம் என்று அவளுக்கு ஆச்சரியம். பஸ்ஸில் எழுதியவரும், தபால் ஆபீஸில் எழுதியவரும், சைக்கிள் கடைக்காரரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட மாதிரி. அன்றுவரை எனக்கு அது ஆச்சரியமாகத் தோன்றியதில்லை. அப்போது தோன்றியது.

டீக்கடையில் அவளுக்குப் பாலும் பன்னும் வாங்கிக்கொடுத்தேன். கடைக்கார அம்மா, "எந்த ஊட்டுக்கு ஒறம்பரைங்க?" என்று கேட்டார். விருந்தாளியாக வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கேட்கிறார்.

"எந்த ஊட்டுக்கும் இல்லீங்க. பேரைப் படிக்க வந்தமுங்க" என்றாள் இவள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய், சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். "இதுலயும் போட்டிருக்குது பாரு சாமி, எங்கூரு பேரு. அடியில இருக்குது, தேடு" என்றார். கண்டுபிடித்ததும் இன்னொரு பன் கிடைத்தது.

திரும்பும் பஸ் லேட். திருப்பூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நாங்கள் இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அதுவும் பூட்டியிருக்க, பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க போயிட்டு வர்ற?"

"வெள்ளகோவிலுக்குங்க."

"அங்க யாரு இருக்கறாங்க நமக்கு?"

"யாருமில்லீங்க."

அவர் முகம் சிவந்தது. என்மேல் அவருக்கு வந்த பெரிய கோபம் அதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள், "நான் படிச்சனுங்கப்பா! பஸ்ஸைப் படிச்சனுங்க!" என்று அவர் வேட்டியைப் பிடித்து ஆட்டினாள்.

"என்னத்தைப் படிச்ச? எங்க, இதைப் படி பாக்கலாம்." பக்கத்தில் நின்ற பஸ்ஸைக் கோபத்தோடேயே காட்டினார்.

"ப... ல்... ல... ட... ம். பல்லடமுங்க."

அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். அவிநாசி. அதற்கடுத்தது தாராபுரம். கோபம் எந்த ஊரில் இறங்கிப்போயிற்று என்று தெரியவில்லை. அரைமணி நேரம், மூவரும் பஸ் பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தோம். உடுமலைப்பேட்டையில்தான் அவள் நின்றாள். அந்தக் காலத்தில் லை, னை போன்ற எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி மேலேறி வளைந்திருக்கும். "இதுக்கு மட்டும் என்னுங்கப்பா தும்பிக்கை?" என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சிலேட்டில் "யானை" என்று எழுதிக் காட்டினேன். அதிலும் அந்தத் தும்பிக்கை இருந்தது. அவளுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் இருக்காதென்று, கடைகள் சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் அவளைக் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போவார். பனியன் வியாபாரிகளின் பெயர்ப் பலகைகளை ஒரு தெரு விடாமல் வாசித்துவிட்டு வருவார்கள். பாடப்புத்தகத்தை மறுபடி திறந்தபோது, முதல் பக்கத்திலிருந்து மெதுவாக, திக்கித் திக்கி வாசித்தாள். முன்பு கடகடவென்று வாசித்ததைவிட எனக்கு அது நன்றாக இருந்தது.

ஜூனில் மூன்று பேருமாகப் பள்ளிக்கூடம் போனோம். பெரிய டீச்சர் கண்ணாடி போட்ட, கண்டிப்பான அம்மா. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தை நீட்டினார். அவள் நின்று நிதானமாக வாசித்தாள். ஒரு சொல்லில் தடுக்கியது. உடனே புத்தகத்தைப் பெரிய டீச்சர் பக்கம் திருப்பி, "இது எனக்கு வரலீங்க. நீங்க படிங்க பாக்கலாம்" என்றாள்.

பெரிய டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தச் சொல்லை வாசித்தார். "ஆமாங்க, அதேதானுங்க" என்று அவள் மேலே போனாள். எங்கள் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"எங்கம்மாவும் நானுமுங்க."

இரண்டாம் வகுப்பில் அவள் பெயர் எழுதப்பட்டது. முதல் நாள் சாயங்காலம் நீலப்பையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஒரே ஒரு குறை.

"அந்த டீச்சர் பாடம் எடுக்கறப்ப எதையுமே வேக வெக்கறதில்லீங்கம்மா. ஒரு வாசமும் வரமாட்டீங்குது."

பகலெல்லாம் வீடு வெறிச்சென்றாகிவிட்டது எனக்கு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னாரென்று கிளை நூலகத்துக்குப் போய் என் பெயரில் ஒரு அட்டை வாங்கினேன். முதலில் எடுத்து வந்தது ஒரு தடித்த நாவல். மத்தியானம் கிணற்றடி நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாச் சிரிக்கறே. என்னன்னு சொன்னா நாங்களும் சிரிப்பமல்ல. சத்தமாத்தான் படியேன்."

முதல் பக்கத்துக்குத் திருப்பிச் சத்தமாகப் படித்தேன். அக்கா துவைப்பதை நிறுத்திவிட்டுக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கடைசி வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் பூண்டு உரிக்கிற முறத்தோடு கதை கேட்க வந்தார்கள்.